அறிக்கையில் கருவாடு வரக்கூடாது

மழை பெய்தால் அது சாமி கொடுத்தது, பெய்யாவிட்டால் நான் கெடுத்தது: வானிலை உத்தியோகம் என்றால் இவ்வளவுதான். ரேஷன் கடையில் உட்கார்ந்து 'சரக்கு வரலை' என்று சொல்லியே ஏச்சு வாங்கியவர்களுக்கும், ரயில்வே விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் காலம் தள்ளியவர்களுக்கும் என் கதை புரியும். எங்கோ யாரோ செய்கிற காரியத்துக்கு நாம் வாய். அடி விழுவதும் அந்த வாயில்தான்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கடலோரக் கடப்பாக்கத்தில் வேலை. காலையில் வெப்பத்தையும் காற்றையும் பார்த்துத் தந்தி அடிக்க வேண்டும். மாலையில் மேலிடத்திலிருந்து வருகிற வட்டார அறிக்கையை வாசல் கரும்பலகையில் எழுத வேண்டும். அப்படி ஒரு பங்குனியில் வெயிலே வரவில்லை. வாடைக்காற்றும் மூடுபனியுமாக ஊர் மார்கழி போல நடுங்கியது. அந்தச் சமயத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டவை இவை.

ஓரிரு இடங்கள்

'மாமல்லபுரம் முதல் கடப்பாக்கம் வரை மழைக்கு வாய்ப்பில்லை. ஓரிரு இடங்களில் காலையில் மூடுபனி.' தினமும் இதேதான் வந்தது, நானும் இதையேதான் எழுதினேன். பஸ் நிற்கும் இடத்தில் சர்பத் கடை வைத்திருந்தவர், கோடையை நம்பி மரத்தூளில் ஐஸ்கட்டியைப் புதைத்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டினார். மூடுபனி விலகப் பத்து மணி ஆகும். அதற்கப்புறமும் ஜனங்கள் எதிர்க்கடையில் சூடாக டீதான் குடித்தார்கள். ஒருநாள் பலகையை நிதானமாகப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்த ஓரிரு இடம் எப்பவும் நம்ம கடையாவே கீதே, அது எப்படி சார்?"

வெள்ளைப் பெட்டி

வெப்பமானிகள் ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும். காற்றுப் போக நாலு பக்கமும் சாய்வுப் பலகை அடித்திருக்கும். தினமும் விடிந்ததும் நான் அதைத் திறப்பதை, வலை தூக்கிப் போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். குளிர் நீடிக்க நீடிக்க அவர்கள் பார்வை மாறியது. கடைசியில் ஒரு பெரியவர் வேலி ஓரமாக நின்று, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"நைனா, அந்தப் பொட்டிய ரெண்டு நாளைக்குத் தொறக்காமத்தான் இரேன்."

இரண்டாவது வரி

இந்த ஊரில் பங்குனியில் மழையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வெயில் அடிக்குமா என்பதுதான் கேள்வி. அஞ்சலை கரைக்கு வரும் நெத்திலியை வாங்கி மணலில் காயப்போட்டுக் கருவாடாக்கி விற்பவள். வாங்குவது ஒரே ஆள், செங்கல்பட்டு சந்தைக்குச் சரக்கு எடுக்கும் காதர் பாய். சொத்தைச் சரக்கை ஒருதரம் பார்த்துவிட்டால் அவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். அவளுக்கு வேறு ஆளும் கிடையாது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அந்தக் குளிரில் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். அறிக்கைக்குக் கீழே, 'வெயில் குறைவு, கருவாடு காயப்போட வேண்டாம்' என்று தனியாக ஒரு வரி எழுதினேன். கீழ்வரி இருந்தால் மீன் வாங்காதே, இல்லாவிட்டால் வாங்கு என்று அவளுக்குச் சொல்லிவைத்தேன். மற்றவர்கள் அதை நம்பாமல் காயப்போட்டுப் பாழாக்கினார்கள். அவள் பலகையை எட்டிப் பார்ப்பதும் வெறுங்கூடையோடு திரும்புவதுமாக இருந்தாள்.

"கையக் கட்டிக்கினு குந்திக்கிறது பேஜாராத்தான் கீது சார். ஆனா சரக்கு கெடல பாரு, அது போதும்."

கைக்குட்டை

ஒரு சாயங்காலம் ஆபீசர் ஜீப்பில் சோதனைக்கு வந்தார். கழுத்தில் மஃப்ளர். பலகையைப் படித்தவர் முகம் சுருங்கியது. மேலிடத்து அறிக்கையில் கைவைக்க நீ யார் என்று கேட்டார். மழை இல்லை என்பது இங்கே யாருக்கும் உபயோகமில்லை, வெயில் இல்லை என்பதுதான் இவர்கள் பிழைப்பு என்றேன். அவர் கைக்குட்டையை எடுத்துக் கீழ்வரியை மட்டும் சுத்தமாகத் துடைத்தார். விளக்கம் எழுதித் தரவேண்டும் என்று என்னை அப்படியே ஜீப்பில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார். வழியில் கருங்குழியில் நிறுத்தி, ரொம்பக் குளிர்கிறது என்று சூடாகக் காபி குடித்தார். எனக்கு அஞ்சலையின் ஞாபகம் அங்கேதான் வந்தது. ஓர் ஆள் மூலமாவது ஊருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று கெஞ்சினேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அறிக்கைங்கறது வட்டாரத்துக்கே பொதுவானது. அதுல கருவாடெல்லாம் வரக்கூடாது."

பொது அறிவிப்பு

என்னைத் திருப்பி அனுப்ப இரண்டு நாள் ஆனது. கடப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நாற்றம் அடித்தது. பலகையில் ஒரே வரி. எழுதினவரே அழித்துவிட்டார், குளிர் விட்டது என்று நினைத்து, அத்தனை நாள் சும்மா இருந்ததற்கும் சேர்த்து அஞ்சலை கரைக்கு வந்த நெத்திலி முழுவதையும் வாங்கி மணலில் பரப்பியிருந்தாள். மூடுபனியில் ஊறி எல்லாம் மஞ்சளாகிக் குழைந்து கிடந்தது. காதர் பாய் ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துப் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் சரக்கை மரக்காணத்தில் பார்த்துக்கொள்வதாகவும், அந்தம்மாவிடம் சொல்லத் தனக்கு வாய் வரவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். கெட்ட சேதி சொல்வதுதானே என் உத்தியோகம், சொன்னேன்.

அவள் தென்னைக்கு எருவாகப் போட அழுகின மீனை வாரிக் கூடையில் அள்ளிக்கொண்டே சொன்னாள்.

"நீ ஒண்ணுமே எழுதாம இருந்திருந்தா, நானே அண்ணாந்து வானத்தப் பாத்திருப்பேன் சார்."

அந்த வாரத்து அறிக்கை அத்தனையும் சரி என்று மேலிடத்திலிருந்து எங்களுக்குப் பாராட்டு வந்தது, மழைதான் ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லையே.