தோண்டிப் பார்க்காத தொட்டி

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பயம்தான் சோறு போட்டது. வடம் தேய்ந்திருக்குமோ, பிரேக் பிடிக்காமல் போய்விடுமோ என்று எப்போதும் ஒரு திகில். எதையும் கழற்றிக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். அவர் கை வைத்த லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

ஓய்வு பெற்ற வருஷமே மாரடைப்பு வந்தது. பிழைத்து வீடு திரும்பியவர் சும்மா உட்கார முடியாமல் கள்ளி விதை வாங்கி ஜன்னலோரத் தொட்டியில் விதைத்தார். உலகத்தில் வேறு செடியே இல்லையா என்ன? முளைத்தது கடுகளவு. மூன்று வருஷம் கழித்துப் பட்டாணி அளவு. பூக்க இன்னும் எட்டுப் பத்து வருஷம் ஆகும் என்று நர்சரிக்காரர் சொன்னபோது, அதுவரைக்கும் நான் இருக்கணுமே என்று சிரித்துவிட்டுத்தான் வந்தார். சிரித்தாரே தவிர, இதுகள் போனால் மறுபடி முதலிலிருந்து விதைக்கத் தனக்கு ஆயுள் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

குளிர்காலத்தில் தண்ணீரை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தார் நர்சரிக்காரர். செடி சுருங்கி மண்ணுக்குள் இறங்கிவிடும், செத்தது போலவே இருக்கும், வெயில் ஏறும்வரை தொடவே கூடாது. தலையை ஆட்டிவிட்டு வந்த மனுஷனுக்கு, பச்சை நிறம் சாம்பலாகி எல்லாம் மண்ணோடு மண்ணாகக் கிடந்ததைப் பார்த்ததும் கை பரபரத்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் எப்படி இருப்பது? இடுக்கியால் ஒன்றை மெல்லப் பிடுங்கினார். வேர் வெள்ளையாக, நன்றாகத்தான் இருந்தது. அப்பாடா என்று திரும்ப நட்டார். அறுந்த வேர் வழியே அழுகல் ஏறி அது ஒரே வாரத்தில் செத்தது. அது செத்ததும், மற்றதும் செத்திருக்குமோ என்ற பயம். இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் உயிரோடுதான் இருந்தது, அவர் பிடுங்கும் வரைக்கும். இப்படியே பயந்து பயந்து, ஒன்பது இருந்த தொட்டியில் மூன்றுதான் மிஞ்சியது.

ஒரு நாள் மத்தியானம் மறுபடி இடுக்கியோடு ஜன்னலோரம் போய் நின்றார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். ஒன்றே ஒன்று, பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினார். இத்தனை நாளும் செடிப் பைத்தியம் என்று கேலி பேசியவள் அன்று கேலி செய்யாமல் சொன்னாள்.

"உங்களுக்கு நெஞ்சு வலி வந்ததிலேர்ந்து, நீங்க படுத்தா நான் ரூம் வாசல்ல வந்து நிக்கிறேன். அசையாம கிடப்பீங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்கும். ஒரு நாளாவது உங்களைத் தட்டி எழுப்பிப் பார்த்திருக்கேனா?"

அவள் அப்படி வந்து நிற்பதே இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது. இடுக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டார். அதற்காகப் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மூன்றும் இருக்கிறதா போயிற்றா என்று நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது.

சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கண்ணை மூடினாலும் தூக்கம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவருகே காலடிச் சத்தம் வந்து நின்றது. அவள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விட்டார்.