எங்கள் வீட்டுக்கு முட்டை வந்தது

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் அதுவரை முட்டை நுழைந்ததில்லை. நுழைய வைத்தவர் டாக்டரம்மா. என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணியாகப் பிறந்தகம் வந்திருந்தாள். வயிற்றில் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. “தினமும் ரெண்டு முட்டை குடுங்க. ஆசாரமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

தெரிந்த கடையில் முட்டை கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஸ்கூட்டரில் செவிலிமேடு வரை போய், துணிப்பையில் மறைத்துக்கொண்டு வந்தேன். நல்லதா கெட்டதா என்று பார்க்க எங்களில் யாருக்குத் தெரியும்? மகள்தான் போனில் தேடிச் சொன்னாள்: தண்ணீரில் மூழ்கினால் நல்லது, மிதந்தால் கெட்டது.

கொல்லையில் ஒரு பழைய அலுமினியக் குண்டானில் என் மனைவி போட்டுப் பார்த்தாள். அத்தனையும் மிதந்தன.

“ஐயய்யோ, ஏன்னா, எல்லாம் அழுகல்! வாயும் வயிறுமா இருக்கறவளுக்கு இதையா குடுக்கறது?”

கொட்டிவிட்டாள். அடுத்த முறையும் அப்படியே. வாங்குவதும் கொட்டுவதுமாகவே நாட்கள் போயின. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. மறுபடி வாங்கப் போனபோது கடைக்காரரிடம் கத்தினேன். அவர் சொம்புத் தண்ணீரில் ஒரு முட்டையை விட்டார். அது நேராக அடியில் போய்ப் படுத்தது.

“இன்னா சார், காலைலதான் லோடு வந்துது. சண்டை போடணும்னே வரீங்களா?”

அந்த லோடு முட்டைகளையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, “என் எதிர்ல போடு” என்றேன். மனைவி குண்டானில் தண்ணீர் பிடித்து மஞ்சள்தூள் போட்டாள். கொரோனா காலத்திலிருந்து வெளியே வாங்கும் கீரை, காய் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அந்தக் குளியல் உண்டு. பிறகு கல்லுப்பை அள்ளினாள். ஒரு கை, இன்னொரு கை, மேலும் ஒரு கை.

“எதுக்குடி இவ்வளவு உப்பு?”

“முட்டையாச்சேன்னா. சும்மா அலம்பினா போதுமா?”

முட்டை மிதந்தது. இத்தனை உப்பில் நல்ல முட்டையும் மிதக்கத்தானே செய்யும்! பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் நான். தலையில் அடித்துக்கொண்டேன். “நல்லதையெல்லாம் கொட்டியிருக்கேடி” என்றேன். மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் சாப்பிட்டாள். அடுத்த ஸ்கேனிலும் குழந்தைக்கு எடை போதவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், மகள் செருப்பு மாட்டும் நேரம் பார்த்து, மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் கொட்டினதாலயா?”

“இல்லை” என்றேன். உரக்கத்தான் சொன்னேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?