ஜெயபாண்டி மூச்சால் எரித்த சர்க்கரை

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் ஜெயபாண்டி போர்மேன். எது எதோடு சேர்ந்தால் எப்படி எரியும் என்பதில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்று நாற்பது என்று விருதுநகர் டாக்டரம்மா சொன்னபோதும் மனிதர் அசரவில்லை. வலது கால் சுண்டுவிரலில் ஆறாத புண் ஒன்று இருந்தது.

"ஒரு மாசத்துல சர்க்கரை குறையலைன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும்," என்ற டாக்டரம்மா, மாத்திரை எழுதிய சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். செல்லுக்குள் போன குளுக்கோஸ் முதலில் இரண்டாக உடையும். அதற்கு ஆக்சிஜன் வேண்டாம். பிறகு ஆக்சிஜன் சேர, படிப்படியாகக் கரியமிலவாயுவும் நீருமாக மாறும். அதில் வரும் சக்தியைச் செல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஜெயபாண்டியின் காதில் ஏறியது ஆக்சிஜன் மட்டும்தான். மகா விஞ்ஞானி வீடு வந்து சேர்ந்தார்.

"ஏளா, இது நம்ம தொழிலுதான்," என்றார் மனைவி பாண்டிலட்சுமியிடம். "சீனி எரியிற சரக்கு. மூச்சு, அத எரிய வைக்கிற வெடியுப்பு மாதிரி. உப்பக் கூட்டுனா சரக்கு மிச்சமில்லாம எரிஞ்சுரும். இதுக்கு எதுக்கு மாத்திர?"

"டாக்டரம்மா அப்படியா சொன்னாக?"

"அவுகளுக்குச் சரக்கு கலக்கத் தெரியுமா?"

மாத்திரை அலமாரியில் ஓய்வெடுத்தது. ஐயா காலையும் மாலையும் மொட்டைமாடியில் நின்று துருத்தி போல மூச்சிழுத்தார். உடம்பு இளைத்தது, சர்க்கரை எரிகிறது என்று பூரித்தார். புண் கறுத்தது, வலி இல்லையே என்று அதற்கும் பூரித்தார்.

மாதக் கடைசியில் சர்க்கரை நானூற்றுப் பத்து.

"மூச்சுல குறையில்லைங்க," என்றார் டாக்டரம்மா கடுப்போடு. "சர்க்கரை ரத்தத்துலயே நிக்குது. அதைச் செல்லுக்குள்ள விடுற இன்சுலின் உங்க உடம்புல சரியா வேலை செய்யலை. அதுக்குத்தான் மாத்திரை கொடுத்தேன். சரக்கு குடோன்லயே கிடந்தா உங்க கம்பெனியில பட்டாசு எப்படி உருவாகும்?"

போர்மேனுக்கு இதுகூடப் புரியாதா? புரிந்தது. கூடவே பயமும் வந்தது.

"இப்பமே முழுங்கிருதேன்மா," என்றார். விரலுக்குக் காலம் கடந்திருந்தது.

ஆபரேஷன் முடிந்து கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் பாண்டிலட்சுமி வாய்விட்டு அழுதாள்.

"இருபத்தெட்டு வருசம் வெடிமருந்துக்குள்ள கெடந்தீக. ஒரு நகம் போகலையே! இந்தச் சீனிக்கு வெரலக் குடுத்துட்டீகளே!"

ஜெயபாண்டி மாத்திரைக்குக் கையை நீட்டினார்.