யாசீன் நடுவே ஒரு கான்செர்ட்டோ

அரபு நாட்டில், முவைலாவில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் பாதியைப் பலகையால் தடுத்து, அந்த அறையை வாடகைக்கு விட்டிருந்தோம். வந்தவன் சென்னைக்காரன், ஹோட்டல் லாபியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவன். வேலையை விட்டுவிட்டு கான்செர்ட்டோ எழுத உட்கார்ந்திருந்தான். அவனுடைய முதல் பெரிய சங்கதி. ஒற்றைப் பியானோ ஒரு பக்கம், ஒரு கூட்டம் வாத்தியம் மறுபக்கம் என்று சொன்னான். எட்டாவது படித்தவன் நான், தலையாட்டி வைத்தேன். கரண்டு பியானோ, காதில் ஹெட்ஃபோன். எங்களுக்குக் கட்டையை அமுக்குகிற டொக் டொக் மட்டும்தான் கேட்கும்.

சத்தம் தொந்தரவில்லை. நாற்றம்தான்.

எழுதி முடிக்கும்வரை குளிக்கமாட்டானாம். தண்ணீர் பட்டால் உடம்பில் இறங்கிய ராகம் கரைந்துவிடுமாம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வாசனை உண்டென்று பியானோ மேல் பாட்டில்களை அடுக்கியிருந்தான். ஒன்றில் பன்னீர், ஒன்றில் அழுகிய பேரீச்சம்பழம், ஒன்றில் அவன் வெட்டிய நகம்.

வியாழன்தோறும் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு பக்கத்துக் குடும்பங்கள் எங்கள் வீட்டில் கூடி குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவார்கள். இந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த பரக்கத் அதுதான். இவனால் அது போய்விடுமோ என்று பயந்தே இருந்தோம்.

அந்த வியாழன் காலையில் அவன் கதவைத் தட்டினேன்.

"தம்பி, இன்னக்கி யாசீன். ஒரு தடவ குளிச்சிருப்பா."

"ரெண்டாம் பாகத்துக்கு அடி ஸ்வரம் மட்டும் அகப்படல பாய். இப்ப குளிச்சா எல்லாம் போச்சு."

"அந்த பனியனுக்குள்ள தேடச் சொல்லுங்க, அகப்படும்" என்றாள் அடுப்படியிலிருந்து என் மனைவி.

சாயங்காலம் வழக்கத்தைவிட அதிகமாகப் பகூர் சாம்பிராணி போட்டுப் புகையை நிறைத்தேன். ஆண்கள் ஹாலில், பெண்கள் உள்ளறையில். ஓதிக்கொடுக்க வந்த ஹஜ்ரத் தொடங்கினார். பாதியில் தடுப்புக் கதவு திறந்தது. கையில் ஒரு பாட்டிலோடு நேராக நடுவே வந்தான். பகூர்த் தட்டுமேல் குனிந்து மூச்சை இழுத்தான். எங்கள் குப்பைப் பையிலிருந்து முந்தாநாள் எடுத்து அந்தப் பாட்டிலில் புளிக்கவைத்த இறால் தோலைக் கங்கில் கொட்டினான்.

"கெடச்சிருச்சு பாய்!"

அந்தப் புகையை என்னவென்று சொல்வது? ஹஜ்ரத் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். உள்ளறையில் பிள்ளைகள் வாந்தியெடுத்தன. ஓதல் நின்றது.

"அடுத்த வாரத்துலேருந்து எங்க வீட்டுல வச்சுக்குவோம் பாய்" என்றார் எதிர் பில்டிங்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

எல்லாரும் போனபின் அவன் அறைக்குப் போனேன். வாய் திறக்குமுன் தன் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டான். பிசுபிசுவென்று ஒட்டியது. ஏதோ கேட்டது, நல்லதா கெட்டதா தெரியாது. பிடுங்கி எறிந்தேன்.

"ஆண்டவன் குடுத்தது பாய் இது."

"எறாத் தோலுக்குள்ள வச்சா குடுத்தான்? கலாஸ். காலையில நீ கெளம்பு."

காதைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்தேன். மனைவி ஜன்னல்களைத் திறந்துவிட்டு, துப்பட்டாவால் மூக்கை மூடியபடி அழுதுகொண்டிருந்தாள். அந்த வெக்கையில், காலி ஹாலில் உட்கார்ந்து, ஹஜ்ரத் விட்ட ஆயத்திலிருந்து நாங்கள் இருவருமே ஓதி முடித்தோம்.