பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள்

என் தம்பி செத்தது நல்ல நேரத்தில். ஜோசியர் குறித்து, பத்திரிகையில் அச்சடித்து, வீடு வீடாகப் போய்க் கொடுத்த நேரம். அவன் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. இன்னமும் ராஜபாளையத்தில் யாராவது துக்கம் விசாரிக்கிற தோரணையில் "நேரம் சரியில்ல போலுக்கு" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நேரத்துக்கு என்ன குறை? பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். சொன்ன நேரத்தில்தான் கிளம்பினான்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஷெட்டை நடத்தி வந்தோம். தறியும் வெளிவேலையும் அவன் பொறுப்பு. துணியைப் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. நாற்பது வயது வரைக்கும் சைக்கிளைக்கூட நிதானமாக ஓட்டியவனுக்கு, திடீரென்று பறக்கும் பித்து பிடித்தது. வெளிமாநிலத்தில் ஒரு கிளப்பில் போய்க் கற்றுக்கொண்டு, மைக்ரோலைட் என்கிற ஒரு குட்டி விமானத்தை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மூன்று சக்கரம், பின்னால் ஒரு இன்ஜின், தலைக்கு மேல் துணியால் ஆன பெரிய சிறகு. சுற்றிலும் கதவு கிடையாது, கூரை கிடையாது. அதைப் பார்த்ததும், "இதுலயா போகப்போற?" என்றுதான் கேட்டேன். "பைக்கைவிட இது சேஃப்டி அக்கா" என்றான்.

ஊருக்குக் கிழக்கே, ஆலங்குளம் போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. அதில் ஒரு பட்டையைச் சமப்படுத்தி ஓடுபாதை ஆக்கினான். கற்றுக்கொடுத்தவர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். உங்கள் ஊருக்கு மேற்கே மலை இருக்கிறது. மேல்காற்றுக் காலத்தில் காற்று மலையைத் தாண்டி வந்து, மதகில் விழுகிற தண்ணீர் மாதிரி இந்தப் பக்கம் புரண்டு விழும். அந்த மாதங்களில் விடியற்காலையில் மட்டும் பற, எட்டு மணிக்கு மேல் வண்டியைத் தொடாதே. இதை எனக்குச் சொன்னதே தம்பிதான். அவனுக்குத் தெரியாமல் இல்லை. என் ஆத்திரமே அதுதான்.

முதல் வருடம் ஒருநாள் பெட்ரோலைச் சரியாகப் பார்க்காமல் கிளம்பி, கிருஷ்ணன்கோவில் தாண்டி ரோட்டிலேயே இறக்கிவிட்டான். வரிசையாகக் காலேஜ் பஸ்கள் நின்றன. பிள்ளைகள் இறங்கி வந்து அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தவனை நான் ஒருத்திதான் திட்டினேன். மற்ற எல்லோரும் அந்தப் படத்தை வாட்ஸப்பில் வைத்துக்கொண்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் மாமனார் தெருவே "எங்க மாப்ள" என்று பேசியதாம்.

அடுத்த சில மாதங்களில் அவனோடு கற்றுக்கொண்ட ஒருவர் இறந்துபோனார். மேகம் இறங்கி வரும்போது, காத்திருக்க மனமில்லாமல் கிளம்பி, ஒரு குன்றில் மோதிவிட்டார். எழவுக்குப் போய்விட்டு வந்த தம்பி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சொன்னான்: "அவரு அவசரப்பட்டுட்டாருக்கா. நான் அப்பிடிக் கெடையாது."

அந்த வாய்ப்பை நான் விடவில்லை. ஒரு மூங்கில் கம்பை ஓடுபாதை ஓரத்தில் நட்டு, நுனியில் எங்கள் ஷெட்டுத் துணியில் ஒரு முழத்தைக் கட்டினேன். "துணி தொங்குனா போ. விறைச்சு நின்னா நான் வேண்டாம்பேன், நீ இறங்கிறணும். ஒரு வார்த்தை பேசக் கூடாது." என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். ஒரு வருடம் காப்பாற்றவும் செய்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது இறங்கிவிடுவான். அதனால்தான் நான் நம்பிவிட்டேன்.

ஆவணியில் அந்த நிலத்திலேயே புது ஷெட் கட்டி முடித்தோம். திறப்பு விழாப் பத்திரிகையை அவனே அடித்துக்கொண்டு வந்தான். வியாழக்கிழமை, காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'வானிலிருந்து பூமாரி பொழியப்படும்.'

"ஏலே, இந்த மணியை யார்ட்டக் கேட்டுப் போட்ட?"

"ஜோசியர்ட்டதான்."

"காத்துகிட்டக் கேட்டியா?"

சிரித்தான். "ஒரு பத்து நிமிஷம்க்கா. அம்புட்டுதான்."

விடிந்ததும் ஆறு மணிக்குப் பறந்து பூவைப் போட்டுவிடு, பத்தரைக்கு ரிப்பனை வெட்டிக்கொள்ளலாம் என்றேன். அதைக் கேட்டு வீடே பதறியது. வியாழக்கிழமை ஆறிலிருந்து ஏழரை எமகண்டமாம். புது ஷெட்டின் மேல் எமகண்டத்திலா பூப் போடுவது? காற்று அடங்கிக் கிடக்கிற ஒரே நேரம் எமகண்டம். மலைக்காற்று புரளுகிற நேரம் நல்ல நேரம். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னேன். "பத்திரிகை குடுத்தாச்சு, இனிமே மாத்துனா நல்லாருக்காது" என்று எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். தம்பி மட்டும் தனியாக வந்து, "கம்புத் துணிய நீயே பாரு. நீ வேண்டாம்னா நான் ஏறல" என்றான். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அன்று பந்தல் கொள்ளாத கூட்டம். மாமனார் வீட்டார் இரண்டு வேனில் வந்திருந்தார்கள். செட்டியார்பட்டியிலிருந்து எங்கள் சித்தி, அம்மாவுக்குப் பிறகு எங்களுக்கு எல்லாமாக இருப்பவள், முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கே துணி விறைத்துவிட்டது. பத்தரைக்குச் சாட்டை சொடுக்குவதுபோல் படபடத்தது. பந்தல் கீற்று ஒன்று பிய்த்துக்கொண்டு போனது.

அவன் சீட்டில் உட்கார்ந்து, பூப்பையை மடியில் கட்டிக்கொண்டிருந்தான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கம்பைக் காட்டினேன். பார்த்தான். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "ஒரே ஒரு சுத்துக்கா. எல்லாரும் வந்துட்டாக" என்றான்.

"வேண்டாம்டா, போகா..."

முடிப்பதற்குள் சித்தி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, கெளம்புற புள்ளைய மறிச்சுச் சொல்லலாமா? வாயில நல்ல வார்த்தை வராதா?"

அத்தனை போனும் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் வாசலில் இறங்குகிறவனை 'எங்கே போகிறாய்' என்றுகூடக் கேட்க மாட்டோம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழக்கம். என் வாயும் அந்தப் பழக்கத்துக்கே போனது.

"சரி. பாத்துப் போயிட்டு வா" என்றேன்.

அவன் அதற்குத்தான் காத்திருந்ததுபோல் இன்ஜினைத் தட்டினான்.

முதல் சுற்றில் கொட்டிய பூ ஒன்றுகூட ஷெட்டின் மேல் விழவில்லை. காற்று அப்படியே அள்ளிக்கொண்டு பக்கத்துக் காட்டில் போட்டது. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு மேலே கேட்டிருக்காது, ஆனால் அவனும் பார்த்திருப்பான். இறங்கிவிடுவான் என்று நினைத்தேன். பாதிப் பூ மிச்சமிருந்தது. திரும்பி, இன்னும் தாழ்வாக வந்தான். ஷெட்டைத் தாண்டித் திரும்பும்போது ஒரு பக்கச் சிறகு, யாரோ கையால் அமுக்கியதுபோல் கீழே போனது. அவ்வளவுதான். கரிசல் மண்ணில் போய்க் குத்தியது. நான் ஓடிப் போனபோது அவன் மடியில் செவ்வந்தி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஊர் பேசியதற்கு அளவே இல்லை. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். வாகனத்தில் கண்டம் என்றார்கள். காற்று என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. ஜோசியர் வீட்டுக்கே வந்து, தான் குறித்த நேரத்தில் பழுதே இல்லை என்று சாதித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அனுமதிக் காகிதங்களைக் கேட்டார். பாதி இருந்தது, மீதிக்கு எழுதிப் போட்டிருப்பதாகத் தம்பி இருந்தபோது சொல்லியிருந்தான். மூங்கில் கம்பைப் பார்த்தார். துணி அன்றைக்கும் விறைத்துத்தான் நின்றது. "இவ்வளவு காற்று அடித்திருக்கிறதே, போக வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லையா?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் பதில் சொல்ல எழுந்தேன். சித்தி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் என்னையே தின்றுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாக எனக்குச் சோறு ஊட்டிவிட்டது அவள்தான். என்மேல் ஒரு பழியும் வந்துவிடக் கூடாது என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்.

"இல்ல சார். கெளம்புற நேரத்துல அபசகுனமா ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லல. கூடப் பொறந்த இவதான் கடைசியாப் பேசுனது. இவகூட, போயிட்டு வான்னு நல்லபடியாத்தான் சார் அனுப்பி வச்சா."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.