படகில் சேராத பலகை

தாராவியிலிருந்து எழுதுகிறேன். பூநாரை பார்க்க வருபவர்களைக் கடல் ஓடைக்குள் கூட்டிப்போக நானும் மனைவியும் ஒரு படகு வைத்திருந்தோம். பயணிகளுக்கும் சேர்த்தே இன்சூரன்ஸ் எடுத்திருந்ததால் பயமில்லாமல் இருந்தோம்.

கடல் உள்வாங்கியிருந்த ஒரு காலையில், வழக்கம்போல் படகுத்துறைக்கும் படகுக்கும் நடுவே பலகை போட்டோம். மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா பாதிப் பலகையில் சேறு வழுக்கிக் கீழே கல்லில் விழுந்தார். முதுகெலும்பு முறிந்துவிட்டது.

ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன். அவரும் என்னைப்போல் திருநெல்வேலிக்காரர்தான்.

"படகுல கால வச்ச பெறவுதான் பாலிசி, அண்ணாச்சி. பலகை அதுல சேராது. அதுக்குத் தனியா லயபிலிட்டி பாலிசி எடுத்திருக்கணும்."

"எடுக்கையில நீரு சொல்லலியே வே?"

"நீங்க கேக்கலியே."

நஷ்டஈட்டுக்காகப் படகை விற்றோம். டீச்சரம்மா இன்னும் எழுந்து நடக்கவில்லை. இனி நடப்பார் என்று டாக்டரும் சொல்லவில்லை.

இப்போது இன்னொருவர் படகில் கூலிக்கு நிற்கிறேன். பலகைக்கும் பாலிசி உண்டா என்று சேர்ந்த அன்றே கேட்டேன்.

"படகுக்கு இருக்குல்லா? சலோ, வேலையப் பாரு" என்று முதலாளி சிரித்தார்.

அதனால் பலகையில் ஏறும் ஒவ்வொருவர் கையையும் நானே பிடித்துக் கடத்திவிடுகிறேன். அன்று டீச்சரம்மாவும் கை நீட்டினார். நான் என்ஜினைக் கிளப்பிக்கொண்டிருந்தேன்.