ஒரு விரல் இடைவெளி

படித்துறையில் டீசல் கடை வைத்திருப்பவர் அவளுக்கு வைத்த பெயர் கேப்டனம்மா. கிண்டலுக்கு வைத்ததுதான். படகின் எஞ்சினில் எந்தப் பக்கம் டீசல் ஊற்றுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் சின்னப் படகில் கணவர் துடுப்புப் போட, பின்பலகையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, வலது பக்கம் போங்க, இன்னும் கொஞ்சம், போதும் போதும், அந்த மிதவையில இடிச்சுடாதீங்க என்று கரை வந்து சேரும்வரை வாய் ஓயாது. சத்தம் காதில் விழுந்ததும் கடைக்காரர் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார். அவள் முறைப்பாள். உள்ளூர அது பிடித்துத்தான் இருந்தது.

துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் எதிரே இருப்பவர் வழி சொல்வது வழக்கம்தான். ஆனால் படகில் குடியேறிய முதல் பத்து வருஷம் அவர் அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. நாலு இழுப்புக்கு ஒரு தரம் கழுத்தைத் திருப்பித் தானே பார்த்துக்கொள்வார். கடைசி இரண்டு வருஷமாகத்தான் சொன்ன சொல் தட்டாமல் இடது என்றால் இடது, நில் என்றால் நில் என்று ஆகியிருந்தார். அவருக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று தங்கச்சியிடம் போனில் பெருமையடித்துக்கொண்டாள்.

அவள் முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது அது. ஜன்னல் கிடையாது. காலையில் படியிறங்கினால் வெந்நீர் ஆவியும் மருந்து வாடையும்தான். வெளியே மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பதை, சாயங்காலம் மேலே வந்து தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்வாள். வீடும் அதற்குத் தகுந்தாற்போலவே வாய்த்தது. சந்துக்குள் இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஓய்வு பெற்ற அன்றைக்கு, கதவைத் திறந்தால் வானம் தெரிகிற இடத்தில் ஒரு வருஷமாவது இருந்துவிட்டுச் சாக வேண்டும் என்றாள். பேச்சுக்குச் சொன்னது. கணவர் பயணிகள் படகில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். அவருக்குப் பேச்சுக்குச் சொல்வதற்கும் நிஜமாகச் சொல்வதற்கும் வித்தியாசம் தெரியாது. மூன்றே மாதத்தில் முப்பதடி நீளத்தில் ஒரு பழைய மீன்பிடிப் படகை வாங்கி, பழுது பார்த்து, வளைகுடாவில் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு வந்தார். எந்தக் கதவைத் திறந்தாலும் வானம்தான், வந்து பார் என்றார். அம்மாதான் ஏதோ உளறினாள் என்றால் அப்பாவுமா என்று வெளியூரில் இருந்த மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

படகு வாழ்க்கை என்றால் காற்று வாங்கிக்கொண்டு சாய்ந்து கிடப்பது என்று நினைப்பவர்களை நாலு நாள் அங்கே கொண்டுபோய் விட வேண்டும். குடிக்கிற தண்ணீர் கரையிலிருந்து கேனில் வர வேண்டும். அடித்தட்டில் ஊறுகிற தண்ணீரைத் தினமும் பம்ப் அடித்து வெளியேற்ற வேண்டும். துவைத்த துணி உப்புக் காற்றில் காய்ந்தும் காயாமலும் பிசுபிசுக்கும். சமையல் மேடை முழங்கை நீளம்தான். இரண்டு பேர் படுத்து ஒருவர் புரள வேண்டுமானால் மற்றவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கரண்டி முதல் கத்தரிக்கோல் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி, ஒரு இடம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இத்தனைக்கும் நடுவே அவள் சந்தோஷமாக இருந்தாள். முதல் வருஷம் முழுக்க, காலையில் மேல்தட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சிரிப்பாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

நங்கூரம் போட்ட படகுக்கு ஒரே ஒரு பெரிய கவலை உண்டு. நங்கூரம் பிடி விட்டு நழுவினால் படகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பாறையில் ஏறிவிடும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் கரையில் அசையாத இரண்டு பொருளை அடையாளம் வைத்துக்கொள்வார்கள். இவர்களுக்கு அது ஒரு தண்ணீர்த் தொட்டியும், அதற்குப் பின்னால் மூடிக் கிடந்த நூற்பாலையின் புகைபோக்கியும். கையை நீட்டி விரலை நிமிர்த்திப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும். காற்று திரும்பினால் ஒன்றரை விரல், இரண்டு விரல். அதைத் தாண்டினால் ஆபத்து. அவர் விடிந்ததும் முதல் வேலையாக மேலே போய்ப் பார்த்துவிட்டு, கீழே தேநீர் போட்டுக்கொண்டிருப்பவளுக்கு ஒரு விரல் என்று குரல் கொடுப்பார். அவள் சரி என்பாள். பன்னிரண்டு வருஷமாக அவர்களுடைய நாள் அப்படித்தான் தொடங்கியது.

தங்கச்சிக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று எட்டு நாள் அவள் போய் இருக்க வேண்டி வந்தது. ஒன்பதாம் நாள் மாலை, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், தூறலோடு திரும்பி வந்தாள். அவர் சின்னப் படகோடு படித்துறையில் நின்றிருந்தார். படகின் ஓரத்தில் புதிதாக நீளச் சிராய்ப்பு ஒன்று இருந்தது. கேட்டதற்கு, அலை தூக்கிப் படிக்கட்டில் அடித்துவிட்டது என்றார். எட்டு நாள் தனியாக விட்டால் படகையே உடைத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று திட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல வழி சொல்ல ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை மேலேயிருந்து குரல் வந்தது. ஒன்றரை விரல், காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்றார். அவள் சரி என்றாள். மழை விட்டிருந்ததால் தேநீரை மேலேயே குடிக்கலாம் என்று இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

முதலில் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தாள். தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெறும் வானம். அவர் கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அதில் கிண்டல் இல்லை. புகைபோக்கி தெரிகிறதா என்று மெல்லக் கேட்டாள். தெரியாமல் எங்கே போகும் என்று சொல்லி, கையை நீட்டிச் சரியாக அந்தத் திசையைக் காட்டினார். ஆட்கள் மேலே ஏறி ஒவ்வொரு செங்கல்லாகப் பிரித்து ஐந்தே நாளில் புகைபோக்கியை இறக்கிவிட்டார்கள் என்றும், வளைகுடாவில் படகு நிறுத்தியிருந்தவர்கள் எல்லாரும் அடையாளம் போயிற்றே என்று புலம்பினார்கள் என்றும் டீசல் கடைக்காரர் பிறகு சொன்னார்.

அன்றைக்குத் தண்ணீர் கேன் எடுக்கக் கரைக்குப் போக வேண்டியிருந்தது. அவள் பின்பலகையில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. அவர் பத்து இழுப்பு வேகமாகப் போட்டார். பிறகு வேகம் குறைந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இருபது அடி தூரத்தில் யாருடையதோ நீலப் படகு ஒன்று நின்றது. அதை நோக்கித்தான் நேராகப் போய்க்கொண்டிருந்தார். துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டார்.

"ஏன் பேச மாட்டேங்கிற?"

"நீங்களே திரும்பிப் பார்த்துப் போங்க."

அவர் திரும்பவில்லை. துடுப்பு முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நூல் மில்லு புகைபோக்கிய இடிச்சுட்டாங்க," என்றாள்.

"எப்போ?"

"நான் இல்லாதப்போ."

"அப்படியா," என்றார். பிறகு, யாரிடமோ விலாசம் கேட்பவர் மாதிரிக் கேட்டார்: "முன்னால ஏதோ படகு நிக்குது, தண்ணி தட்டுற சத்தம் கேக்குது. எந்தப் பக்கம் திருப்பணும், சொல்லு."

வலது பக்கம் என்றாள்.

கண் டாக்டர் சின்னப் பெண். ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயசுதான் இருக்கும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது. வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் நிற்காது என்றார். இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தியிருக்கலாமாம். வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டபோது டாக்டர் அவளைத்தான் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு. முப்பதடிப் படகு. இருக்கிற ஆளே இரண்டு பேர்.

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தோண்டினாள். பேப்பரில் எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டு ரேடியோவுக்கு மாறியது. கத்தரிக்கோல் கொக்கியில் இல்லை என்று குதித்தது. அவர் எதையும் மறுக்கவில்லை. அவள் ஊரில் இல்லாத எட்டு நாளும் கரைக்கே போகவில்லையாம். அவளைக் கூப்பிட வந்த அன்றைக்குக் கடைக்காரரின் ரேடியோ சத்தத்தைக் குறி வைத்துத்தான் துடுப்புப் போட்டாராம். விரல் கணக்கும் இரண்டு வருஷமாக வாய்க்கு வந்தது. தினமும் காலையில் நங்கூரச் சங்கிலியைக் கையால் பிடித்துப் பார்ப்பாராம். நங்கூரம் நழுவினால் சங்கிலி கரகரவென்று கையில் அதிரும், அது போதும் என்றார். ஒரே மாதிரிச் சொன்னால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே ஒன்றரை, இரண்டு என்று மாற்றிச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"அன்னைக்கே கரைக்கு இழுத்துட்டு வந்திருப்பேன்."

"அதான் சொல்லல. முப்பத்தொரு வருஷம் ஜன்னல் இல்லாம கிடந்தவ நீ. எனக்குக் கண்ணு போகுதுன்னு நீ எதுக்குத் திரும்பவும் சந்துக்குள்ள போகணும்?"

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. "உங்க கண்ணைக் கொடுத்து எனக்கு வானத்தை வாங்கித் தரச் சொன்னேனா நான்?" என்று கேட்டுவிட்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள். அவர் அவள் கையைத் தேடினார். முதல் தடவை கைப்பைதான் கிடைத்தது.

பிறகு கேப்டனம்மா யார் பேச்சைக் கேட்பாள்? கண் தெரியாதவரைக் கடல் நடுவில் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடத் தூங்க முடியாது என்று பிடித்த பிடியில் நின்றாள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: போகிற இடத்தில் பெரிய ஜன்னல் இருக்குமா? மகன், அவளுடைய தங்கச்சி வீட்டுக்கு அடுத்த தெருவில் மாடி வீடு ஒன்று பிடித்துக் கொடுத்தான். படகை வாங்க வந்தவரை அவரே கூட்டிப் போய்க் காட்டினார். எஞ்சின் மூடியைத் திறந்து, வால்வைத் தொட்டு, பெல்ட்டைச் சுண்டி, ஏணியில் இறங்கி ஏறி, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் அரைமணி நேரம் விளக்கினார். வாங்க வந்தவருக்கு இவருக்குக் கண் தெரியாது என்பதே தெரியவில்லை. கிளம்பும்போது, இந்த வயசிலும் ஐயாவுக்கு என்ன சுறுசுறுப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாடி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே கதவு விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். குளியலறைப் படியில் சறுக்கினார். கூடம் விசாலமானது, நடுவில் நின்றால் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் சுவர் எட்டாது. கொஞ்சம் கொஞ்சமாக நடமாட்டத்தை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். சாப்பிடும்போது தம்ளர் எந்தப் பக்கம் என்று கேட்டார். படகில் இரண்டு வருஷம் கண்ணே இல்லாமல் எஞ்சினைப் பிரித்து மாட்டியவர், இங்கே வந்துதான் குருடரானார். பத்திரமாக இருக்கட்டும் என்று கரைக்குக் கூட்டி வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தபோது படகு கைமாறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகனிடம் சொன்னாள். விழாமல் இருக்கிறாரே, அது போதாதா என்றான்.

ஒரு நாள் மத்தியானம் அவள் ஜன்னல் பக்கம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே இருக்கிறாய் என்று அவர் குரல் கொடுத்தார். இங்கேதான் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அதற்கப்புறம் இன்னொரு தரம். அவளுக்குச் சலிப்பாகிவிட்டது. எத்தனை தடவை கேட்பீர்கள், நான் எங்கே போய்விடப் போகிறேன் என்று எரிந்து விழுந்தாள்.

அவர் காலைத் தரையில் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தார்.

"படகுல கேக்கவே வேண்டாம். நீ ஒரு எட்டு வச்சா படகு அந்தப் பக்கம் லேசா சாயும். மேல இருக்கியா கீழ இருக்கியா, நடக்கிறியா நிக்கிறியா, எல்லாம் கால்லயே தெரியும். இந்தத் தரை ஒன்னுமே சொல்ல மாட்டேங்குது."

பாதி மடித்த போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். பிறகு அவர் பக்கமாக நடந்தாள், ஒவ்வொரு அடியையும் குதிகால் அதிர ஊன்றி.

அன்றிலிருந்து வீட்டுக்குள் அப்படித்தான் நடக்கிறாள். சமையலறைக்குப் போனாலும் சரி, தண்ணீர் எடுக்க எழுந்தாலும் சரி, தொம் தொம் என்று சத்தம் வரும். அவர் கூப்பிடுவது குறைந்திருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே வந்து, என்னம்மா இடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். இரண்டு தடவையும் மன்னிப்புக் கேட்டாள். நடையை மாற்றவில்லை. முட்டி இரண்டும் வீங்கி வலிக்கின்றன. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.